அமீலியா புளூமர் அம்மையாரும் ஆடைச் சீர்திருத்தமும்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவி)

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆனால் அந்த ஆடைப் பாதி, ஆள் பாதியை நடக்கவும் விடாமல், மூச்சு விடவும் விடாமல் செய்தால் என்ன செய்வது? இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டதற்காகவும், கேட்டதோடு நில்லாமல் தாமே உடையை மாற்றிக்கொண்டு வீதியில் நடந்ததற்காகவும், ஒரு பெண்மணி இரண்டு கண்டங்களின் நகைப்புக்கு ஆளானார். அவர்தாம் அமெரிக்க நாட்டு அமீலியா புளூமர் அம்மையார்.

அவர் பெயரை நான் அறிவதற்கு முன்பே அவர் பெயர் என் வீட்டுக்குள் வந்திருந்தது. நான் தொடக்கப் பள்ளியில் படித்தபோது, பள்ளி திறக்கும் சமயத்தில் அம்மா என்னை ஜவுளிக்கடைக்கு அழைத்துச் சென்று, சீருடையோடு இரண்டு புளூமரும் கேட்டு வாங்குவார். சீருடைப் பாவாடைக்குள் சிறுமியர் அணியும் உள்ளாடைக்கு அது பெயர் என்பதுதான் எனக்குத் தெரியும். அது ஒரு பெண்ணின் பெயர், பத்திரிகை நடத்திய, மேடை ஏறிப் பேசிய, வாக்குரிமைக்குப் போராடிய ஒரு பெண்ணின் பெயர் என்பது கல்லூரிக்கு வந்து, நூலகத்தில் அமெரிக்க வரலாற்று நூல் ஒன்றைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. வாழ்நாள் முழுதும் உழைத்த ஒருவரின் பெயர் உள்ளாடையின் பெயராக மட்டும் எஞ்சி நிற்பதை எண்ணியபோது என் மனம் வருந்தியது. அவ்வருத்தமே இக்கட்டுரைக்கு வித்து.

இன்னொரு காரணமும் உண்டு. நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது, அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளி செல்வேன். ஒரு நாள் காலை, பேருந்து நிலையத்துக்கு எதிரே என் துப்பட்டா பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. கீழே விழுந்தேன். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. அரையாண்டுத் தேர்வை எழுத முடியவில்லை. தூக்கிவிட்டவர்கள், மருத்துவம் செய்தவர்கள், வீட்டார், பள்ளியார் என எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: துப்பட்டாவை ஒழுங்காகப் போட்டிருக்கக் கூடாதா என்று. மிதிவண்டி ஓட்டும் பெண்ணுக்கு அந்தத் துணி ஏற்றதுதானா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. புளூமர் அம்மையாரின் வரலாற்றைப் படித்தபோதுதான் அந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது.

பிறப்பும் இளமையும்

அமீலியா ஜெங்க்ஸ் 1818ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் ஹோமர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை துணித் தொழில் செய்தவர். எளிய குடும்பம். ஊர்ப் பள்ளியில் சில ஆண்டுகள் பயின்றதே அவர் பெற்ற கல்வி. கல்லூரி வாயிலை அவர் மிதித்ததில்லை. ஆயினும் பதினேழாம் வயதிலேயே ஆசிரியையானார். பின்னர் வாட்டர்லூ என்னும் ஊரில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

1840ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் டெக்ஸ்டர் புளூமர் என்ற இளம் வழக்கறிஞரை மணந்தார். அக்காலத் திருமண உறுதிமொழியில் மணமகள் கணவனுக்குக் கீழ்ப்படிந்து நடப்பதாகச் சொல்ல வேண்டும். அமீலியாவின் திருமணத்தில் அந்தச் சொல் விடப்பட்டது. மணமக்கள் இருவரும் ஒத்துக்கொண்டே அதை விட்டனர். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டுத் தொடங்கிய இல்லறம் ஐம்பத்து நான்கு ஆண்டுகள் இனிது நடந்தது என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

கணவர் செனெகா பால்ஸ் என்னும் ஊரில் ஒரு செய்தித்தாளுக்கும் ஆசிரியராக இருந்தார். மனைவியின் கடிதங்களைப் படித்திருந்த அவர், அவரிடம் எழுத்துத் திறன் இருப்பதை உணர்ந்து, எழுதுமாறு தூண்டினார். கூச்ச இயல்புடைய அமீலியா முதலில் தயங்கினார். பிறகு புனைபெயர்களில் எழுதத் தொடங்கினார். எழுதியது பெரும்பாலும் மதுவிலக்கைப் பற்றி.

மதுவும் மகளிரும்

மதுவிலக்கில் தொடங்கிய ஒருவர் மகளிர் உரிமைக்கு எப்படி வந்தார் என்று சிலர் வியக்கலாம். அன்றைய சட்டத்தை அறிந்தால் வியப்பு நீங்கும். மணமான பெண்ணுக்குச் சட்டத்தின் கண்களில் தனி இருப்பே இல்லை. அவள் ஈட்டிய கூலி கணவனுக்குச் சொந்தம். அவள் கொண்டுவந்த சொத்தும் அவன் ஆளுகையில். பிள்ளைகள்மீது உரிமையும் தந்தைக்கே. அப்படியிருக்கக் கணவன் குடிகாரனானால் அவள் கதி என்ன? தையல் வேலை செய்து அவள் சேர்த்த காசையும் அவன் மதுக்கடையில் கொண்டுபோய்க் கொட்டலாம். தடுக்க அவளுக்குச் சட்டமும் இல்லை. சட்டம் இயற்றுவோரைத் தேர்ந்தெடுக்க வாக்கும் இல்லை. மதுவின் கொடுமையைப் பேசத் தொடங்கிய பெண்கள் சட்டத்தின் கொடுமையைப் பேசியதும், அங்கிருந்து வாக்குரிமைக்கு வந்ததும் இயல்பான வழியே ஆகும்.

1848ஆம் ஆண்டு ஜூலை 19, 20 ஆகிய நாள்களில் அதே செனெகா பால்ஸ் ஊரில், வெஸ்லியன் தேவாலயத்தில், அமெரிக்காவின் முதல் மகளிர் உரிமை மாநாடு கூடியது. எலிசபெத் கேடி ஸ்டாண்டன் அம்மையாரும் லுக்ரீசியா மாட் அம்மையாரும் அதை முன்னின்று நடத்தினர். ஏறத்தாழ 300 பேர் கூடினர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகள் அடங்கிய அறிக்கையில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையொப்பமிட்டனர். அமீலியா அம்மாநாட்டுக்குச் சென்றார். ஆனால் கையொப்பமிடவில்லை. அப்போது அவருக்கு வயது முப்பது. அவ்வளவு தூரம் போக அவர் மனம் இன்னும் ஆயத்தமாகவில்லை. பெரியோர் வரலாறுகளை எழுதும் நாம் அவர்களைப் பிறவியிலேயே வீரர்களாகக் காட்டிவிடுகிறோம். அமீலியா அப்படி அல்லர். அவர் படிப்படியாகத்தான் ஏறினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

அல்லி மலர்ந்தது

அவ்வூர்ப் பெண்கள் மதுவிலக்குச் சங்கம் தனக்கென ஓர் இதழ் நடத்த விரும்பியது. சந்தா பிரித்த பிறகு சங்கத்தாரின் ஊக்கம் குன்றியது. மக்களிடம் பணம் வாங்கிவிட்டோம், இனிப் பின்வாங்கலாகாது என்று அமீலியா தனியாக நின்று பொறுப்பை ஏற்றார். 1849ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் லில்லி என்னும் மாத இதழ் வெளிவந்தது. லில்லி என்றால் அல்லி போன்ற மலர். பெயர் மென்மையானதுதான், இதழ் அப்படி இருக்கவில்லை. ஒரு பெண்ணே உரிமையாளராகவும் ஆசிரியராகவும் இருந்து பெண்களுக்காக நடத்திய முன்னோடி இதழ்களுள் அதற்குத் தலையாய இடம் உண்டு. எழுதுதல், அச்சகத்தாரோடு பேசுதல், மெய்ப்புப் பார்த்தல், மடித்து முகவரி எழுதி அஞ்சலில் சேர்த்தல் ஆகிய அனைத்தும் அவர் கையாலேயே நடந்தன.

அதே ஆண்டில் கணவர் அவ்வூரின் அஞ்சல் தலைவரானார். அமீலியா துணை அஞ்சல் தலைவராக உறுதிமொழி எடுத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றினார். ஒரு பெண் அரசு அலுவல் பார்ப்பதை ஊரார் வேடிக்கை பார்த்தனர். ஆனால் கடிதங்கள் தவறாமல் வந்து சேர்ந்தன. பெண்ணால் முடியுமா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை உண்டோ? அஞ்சலகத்தை ஒட்டிய அறை ஒன்றை அவர் பெண்கள் கூடிப் பேசும் இடமாக்கினார். அங்கு வந்தவர்களுள் ஒருவர் ஸ்டாண்டன் அம்மையார். அவர் சூரியகாந்தி என்னும் புனைபெயரில் லில்லியில் எழுதத் தொடங்கினார். இதழின் குரல் மாறியது. மதுவிலக்கோடு கல்வி, சொத்துரிமை, வாக்குரிமை ஆகியவையும் அதன் பக்கங்களில் இடம்பெற்றன.

1851ஆம் ஆண்டு மே மாதம் ஒரு மாலைப்பொழுது. அடிமை ஒழிப்புக் கூட்டம் ஒன்று முடிந்து வரும் வழியில், தம் வீட்டு விருந்தினராக வந்திருந்த சூசன் அந்தோணி அம்மையாரை, வீதி முனையில் எதிர்ப்பட்ட ஸ்டாண்டன் அம்மையாருக்கு அமீலியா அறிமுகம் செய்து வைத்தார். அந்த இருவரும் அடுத்த ஐம்பது ஆண்டுகள் அமெரிக்கப் பெண்ணுரிமை இயக்கத்தின் இரு தோள்களாக விளங்கினர். அந்தச் சந்திப்பைக் காட்டும் வெண்கலச் சிலைகள் செனெகா பால்ஸில் பின்னாளில் நிறுவப்பட்டன. இருவருக்கும் நடுவே நிற்கும் அமீலியாவின் உருவம் குட்டைப் பாவாடையும் தொளதொளத்த காற்சட்டையும் அணிந்திருக்கிறது.

ஆடையா? விலங்கா?

அந்தக் காற்சட்டையின் கதைக்கு வருவோம். முதலில் அன்றைய அமெரிக்கப் பெண்ணின் உடையை மனக்கண்முன் கொண்டுவர வேண்டும். இடுப்பை இறுக்க ஒரு கச்சு. திமிங்கலத்தின் வாய்ப்பட்டையிலிருந்து எடுத்த வளையும் குச்சிகளை வைத்துத் தைத்து, முதுகில் கயிறு கட்டி இழுப்பார்கள். இடை சிறுத்தால் அழகு என்பது நம்பிக்கை. விலா எலும்புகள் அமுங்கும், மூச்சுத் திணறும், மயக்கம் வரும். இடுப்புக்குக் கீழே பாவாடை விரிந்து நிற்க வேண்டும் என்பதற்காக ஐந்து, ஆறு உள்பாவாடைகள். எல்லாம் சேர்ந்தால் 10 பவுண்டுக்கும் மேல், அதாவது ஏறத்தாழ 5 கிலோ எடை. அவ்வளவு பாரமும் இடுப்பிலேயே தொங்கும். பாவாடையின் ஓரம் தரையைக் கூட்டிக்கொண்டே போகும். வீதியின் சேறும் குதிரைச் சாணமும் அதில் ஒட்டி வீட்டுக்குள் வரும். அடுப்படியில் நின்றால் தீப்பற்றும் ஆபத்து. நாம் ஆங்கிலப் பாடத்தில் படிக்கும் கவிஞர் லாங்பெல்லோவின் மனைவி 1861ஆம் ஆண்டு உடையில் தீப்பற்றியே மாண்டார்.

இந்த நிலையில், 1851ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஸ்டாண்டன் அம்மையாரின் உறவினரான எலிசபெத் ஸ்மித் மில்லர் என்பவர் செனெகா பால்ஸுக்கு வந்தார். அவர் தோட்ட வேலை செய்யும்போது நீண்ட பாவாடை காலைச் சுற்றி இடறியதால் சலித்துப்போய், முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பாவாடையும், கணுக்காலில் சுருக்கிக் கட்டிய துருக்கிப் பாணிக் காற்சட்டையும் தைத்து அணிந்திருந்தார். அதாவது, இன்று நம் மாணவியர் அணியும் சல்வாருக்கும் மேற்சட்டைக்கும் நெருங்கிய உறவினர் என்று சொல்லலாம். மில்லர் அம்மையார் ஒரு கையில் விளக்கும் மறு கையில் குழந்தையுமாக மாடிப்படி ஏறியதை ஸ்டாண்டன் கண்டார். தாம் வெறுங்கையோடு ஏறுவதற்கே பாவாடையைத் தூக்கிப் பிடித்துத் திணறுவதையும் எண்ணிப் பார்த்தார். உடனே தாமும் அவ்வுடைக்கு மாறினார். சில நாள்களில் அமீலியாவும் மாறினார்.

அமீலியா செய்த ஒரு செயல்தான் வரலாற்றைத் திருப்பியது. தாம் உடை மாற்றிக்கொண்டதை லில்லியில் எழுதினார். உடை எப்படி இருக்கும், ஏன் அது நல்லது என்று விளக்கினார். நியூயார்க் நகரத்துப் பெரிய நாளேடு அதை எடுத்து வெளியிட்டது. மற்ற ஏடுகளும் பின்தொடர்ந்தன. அந்த உடையின் வெட்டு அளவு கேட்டு நாலா திசையிலிருந்தும் நூற்றுக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. மாதம் 500 படிகள் விற்ற லில்லி 4,000 படிகள் விற்றது. செய்தித்தாள்கள் அவ்வுடைக்குப் புளூமர் உடை என்று பெயரிட்டன. அதைக் கண்டுபிடித்தவள் நான் அல்லேன், மில்லர் அம்மையார்தாம் என்று அமீலியா பலமுறை எழுதினார். யாரும் காதில் வாங்கவில்லை. பெயர் ஒட்டிக்கொண்டது ஒட்டிக்கொண்டதுதான்.

எள்ளலும் ஏச்சும்

பின் வந்தது கேலிப் புயல். அமெரிக்க ஏடுகள் மட்டுமல்ல, லண்டன் நகரத்துப் பஞ்ச் இதழும் கேலிச் சித்திரங்களை வாரி இறைத்தது. காற்சட்டை போட்ட பெண்கள் சுருட்டுப் புகைப்பதாகவும், கணவர்கள் தொட்டில் ஆட்டுவதாகவும் வரைந்தார்கள். நாடகக் கொட்டகைகளில் கூத்தாக்கினார்கள். தெருவில் சிறுவர்கள் கூட்டமாகப் பின்தொடர்ந்து கூவினார்கள். சமயப் போதகர் சிலர், ஆணின் உடையைப் பெண் அணிவது மோசேயின் சட்டத்துக்கு மாறானது என்று இடித்துரைத்தனர். மோசேயின் காலத்தில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரி அங்கிகளைத்தானே அணிந்தார்கள் என்ற கருத்தில் அமீலியா விடையளித்தார்.

கேலியின் துன்பம் வீட்டுக்குள்ளும் புகுந்தது. ஸ்டாண்டன் அம்மையாரின் தந்தை, மதிப்பு மிக்க நீதிபதி, அவ்வுடையில் தம் வீட்டுக்கு வர வேண்டாம் என்றார். வெளியூர்ப் பள்ளியில் படித்த மகன், அவ்வுடையில் தன்னைப் பார்க்க வர வேண்டாம் என்று வேண்டினான். தந்தையும் மகனும் ஒருசேர வெட்கப்படும்போது ஒரு பெண்ணின் உள்ளம் என்ன பாடுபடும்! சூசன் அந்தோணியும் லூசி ஸ்டோன் அம்மையாரும் ஊர் ஊராகச் சென்று பேசியவர்கள். அவர்களைத் தெருவில் ஆண்கள் சூழ்ந்துகொண்டு நகைத்தனர்.

இங்கே எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. குட்டைப் பாவாடையும் காற்சட்டையும் அதற்கு முன் அமெரிக்காவில் இல்லாதவை அல்ல. நீர்ச் சிகிச்சை நிலையங்களில் நோயாளிப் பெண்கள் அத்தகைய உடையை அணிந்தனர். ஒனைடா என்னும் கூட்டு வாழ்வுக் குடியிருப்பில் 1848 முதலே பெண்கள் அவ்வாறு உடுத்தினர். அப்போதெல்லாம் எழாத கூக்குரல் 1851இல் ஏன் எழுந்தது?

விடை என் அப்பத்தாவிடம் கிடைத்தது. அப்பத்தா நாற்று நட்டவர். வயலில் இறங்கும்போது சேலையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிக்கொள்வார். எந்த ஆண்மகனும் அதைக் குறை சொன்னதில்லை. ஆனால் அதே அப்பத்தா கூலி உயர்வு கேட்க நாலு பெண்களோடு பண்ணையார் வீட்டு வாசலுக்குப் போன அன்று, இவளுக்கு அடக்கம் போதாது என்று ஊர் பேசியதாம். அன்று சேலை கணுக்கால்வரை இறங்கித்தான் இருந்தது! வேலைக்காகவும் நோய்க்காகவும் பெண் உடையைச் சுருக்கிக்கொண்டால் உலகம் பொறுத்துக்கொள்ளும். உரிமை கேட்டு அவள் வாசலில் வந்து நின்றால் பொறுக்காது. அமெரிக்காவிலும் நிகழ்ந்தது இதுவே. அவர்கள் நகைத்தது காற்சட்டையைக் கண்டு மட்டும் அன்று. அதை அணிந்தவள் கையில் பத்திரிகை இருந்ததைக் கண்டும்தான்.

அச்சுக்கூடத்தில் ஒரு போராட்டம்

1853ஆம் ஆண்டு அமீலியா சொற்பொழிவாளராகவும் புகழ் பெற்றார். நியூயார்க் நகரத்துப் பெரிய மண்டபத்தில் புதிய உடையோடு நின்று மதுவிலக்கைப் பற்றிப் பேசினார். அவ்வாண்டின் இறுதியில் கணவர் ஒஹையோ மாநிலத்து மவுண்ட் வெர்னன் நகரில் ஒரு வார ஏட்டை வாங்கியதால் குடும்பம் அங்கே பெயர்ந்தது. லில்லியும் உடன் சென்றது. அதன் விற்பனை அங்கே 6,000 படிகளைத் தாண்டியது.

அங்கே அவர் தம் இதழுக்கு எழுத்துக் கோக்க ஒரு பெண்ணை அமர்த்தினார். அச்சகத்து ஆண் தொழிலாளர்கள் அப்பெண்ணுக்கு வேலை கற்றுத்தர மறுத்தனர், வேலைநிறுத்தம் செய்தனர். புளூமர் தம்பதியர் பணியவில்லை. வேறு ஊரிலிருந்து எழுத்துக் கோக்கத் தெரிந்த பெண்களை வரவழைத்தனர். அப்பெண்களுக்கு ஆண்களுக்குரிய அதே கூலியும் கொடுத்தனர். இதழ் தடையின்றி வெளிவந்தது. உடைச் சீர்திருத்தத்தைப் பற்றி நூறு பேர் எழுதியிருக்கிறார்கள். இந்த அச்சுக்கூடச் செய்தியைப் பலர் குறிப்பிடுவதே இல்லை. என் கருத்தில் அம்மையாரின் வாழ்வில் காற்சட்டையைவிட இது பெரிய செயல். சமவேலைக்குச் சமகூலி என்று இன்றும் கேட்கிறோம் அல்லவா?

மேற்கு நோக்கி

1855ஆம் ஆண்டு குடும்பம் மீண்டும் மேற்கே நகர்ந்து, அயோவா மாநிலத்தில் மிசூரி ஆற்றங்கரையிலுள்ள கவுன்சில் பிளப்ஸ் நகரில் குடியேறியது. அது அன்று எல்லைப்புறச் சிற்றூர். இருப்புப் பாதை அங்கே வந்தது 1867இல்தான். அங்கிருந்து இதழ் நடத்துவது இயலாது என்பதால் அம்மையார் லில்லியை வேறொரு பெண்மணிக்கு விற்றுவிட்டார். பெற்ற பிள்ளையைப் பிரிவது போன்ற துயரம்தான். ஆனாலும் அவர் ஓய்ந்துவிடவில்லை. மறு ஆண்டு ஜனவரியில் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஒமாகா நகரில், நெப்ராஸ்கா ஆட்சிப்பகுதியின் சட்ட அவையினர் முன் மகளிர் வாக்குரிமை பற்றி உரையாற்றினார். உறுப்பினர்கள் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தனர். கீழவை அதை நிறைவேற்றியது. மேலவை வாக்கெடுப்பதற்குள் கூட்டத் தொடர் முடிந்துவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

பின்வாங்கியது தோல்வியா?

இனி ஒரு கசப்பான செய்தி. ஸ்டாண்டன், அந்தோணி, ஸ்டோன் ஆகியோர் 1854ஆம் ஆண்டை ஒட்டி மீண்டும் நீண்ட பாவாடைக்குத் திரும்பினர். கூட்டத்துக்கு வருவோர் உடையைப் பார்க்கிறார்களே தவிரச் சொல்லைக் கேட்பதில்லை. வாக்குரிமை என்ற பெரிய கோரிக்கை காற்சட்டை என்ற சிறிய கோரிக்கைக்குள் மூழ்கிவிடுகிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. அமீலியா மட்டும் மேலும் சில ஆண்டுகள் விடாமல் அணிந்தார். இறுதியில் அவரும் விட்டார். அயோவாவின் சமவெளிக் காற்று அவரது குட்டைப் பாவாடையைத் தெருவில் வைத்தே தலைக்கு மேல் தூக்கி அவரை நாணச் செய்தது. அதே சமயம் எஃகு வளையங்களால் ஆன கிரினோலின் என்னும் கூண்டு வழக்கத்துக்கு வந்தது. ஐந்தாறு உள்பாவாடைகளின் பாரம் அதனால் இல்லாமற்போனது. பாரம் குறைந்ததால் தாம் பழைய முறைக்கே திரும்பியதாக அம்மையார் கூறியிருக்கிறார். மகளிர் உரிமை என்ற பெரிய பொருளிலிருந்து மக்கள் கவனம் சிதறக்கூடாது என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது.

இது தோல்விதானா? எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது கருத்து இரண்டாகப் பிரிந்தது. தாம் சரி என்று நம்பியதை ஊர் சிரிக்கிறது என்பதற்காக விடலாமா என்றனர் சிலர். நானும் முதலில் அந்தப் பக்கமே நின்றேன். ஆனால் பிறகு சிந்தித்தேன். அவர்கள் உடையை விட்டார்கள்; மேடையை விடவில்லை. ஒரு போரில் எந்தக் குன்றைக் காப்பது, எந்தக் குன்றை விடுவது என்று படைத்தலைவன் முடிவு செய்வதில்லையா? மறுபக்கமும் உண்டு. உடையை விட்டதால் வாக்குரிமை விரைந்து வந்துவிடவில்லை. அது நாடு முழுமைக்கும் 1920ஆம் ஆண்டில்தான் வந்தது. 1848இல் கையொப்பமிட்ட பெண்களுள் அதைக் காண உயிரோடிருந்தவர் ஒருவரே. ஊர் சிரிக்காமல் இருக்க நாம் எதை விட்டுக்கொடுத்தாலும், சிரிக்க நினைப்பவர்கள் வேறொன்றைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்பதையும் இவ்வரலாறு காட்டுகிறது. எந்தப் பக்கம் சரி என்று என்னால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கேலியின் விலை என்ன என்பதை அதைக் கொடுத்தவர்களே அறிவார்கள் என்பது மட்டும் விளங்குகிறது.

முதுமையும் மறைவும்

உள்நாட்டுப் போரின்போது அம்மையார் படைவீரர்களுக்கு உதவும் மகளிர் சங்கத்தில் பாடுபட்டார். இரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார். 1871ஆம் ஆண்டு அயோவா மகளிர் வாக்குரிமைச் சங்கத்தின் தலைவரானார். உடல் நலிந்த காலத்திலும் எழுதுவதை விடவில்லை. 1894ஆம் ஆண்டு அயோவா மாநிலம், ஊராட்சிக் கடன், வரி போன்ற சில வாக்கெடுப்புகளில் பெண்கள் பங்கேற்கச் சட்டம் செய்தது. முழு உரிமை அன்று; ஒரு துண்டு உரிமை. அதையாவது கண்ணால் கண்டுவிட்டு, அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாள், எழுபத்தாறாம் வயதில் அம்மையார் கண்மூடினார். மறு ஆண்டே கணவர் அவருடைய வாழ்க்கையையும் எழுத்துகளையும் தொகுத்து நூலாக வெளியிட்டார். கீழ்ப்படிதல் என்ற சொல் இல்லாமல் தொடங்கிய அந்த இல்லறம் ஒரு நூலோடு நிறைவுற்றது.

அவர் விட்ட உடையை உலகம் விடவில்லை. 1881ஆம் ஆண்டு லண்டனில் பகுத்தறிவு உடைச் சங்கம் தோன்றியது. பெண்ணின் உள்ளாடைகள் அனைத்தும் சேர்ந்து 7 பவுண்டுக்கு மேல் கனக்கக் கூடாது என்று அது வற்புறுத்தியது. 1890களில் மிதிவண்டி பெருவழக்காயிற்று. நீண்ட பாவாடையோடு மிதிவண்டி ஓட்ட இயலாது என்பதைப் பெண்கள் கண்டனர். புளூமர் காற்சட்டை பெட்டியிலிருந்து வெளியே வந்தது. நாற்பது ஆண்டுகளாகச் சொற்பொழிவுகளால் ஆகாததை இரண்டு சக்கரங்கள் செய்து முடித்தன!

நிறைவாக

இரண்டு சக்கரங்கள் என்றதும் என் மணிக்கட்டு நினைவுக்கு வருகிறது. மழைக்காலத்தில் அது இன்றும் சற்று வலிக்கும். இப்போது நான் மிதிவண்டியில் கல்லூரிக்கு வரும்போது துப்பட்டாவைப் பைக்குள் மடித்து வைத்துக்கொள்கிறேன். வந்து சேர்ந்த பிறகு போட்டுக்கொள்கிறேன். முதல் நாள் அம்மா எதுவும் சொல்லாமல் வாசலில் நின்று பார்த்தார். இரண்டாம் நாள் அந்தப் பையின் அறுந்த பிடியைத் தைத்துக் கொடுத்தார். தெருவில் இரண்டொருவர் ஏதோ சொன்னது காதில் விழுந்தது. செனெகா பால்ஸ் வீதியில் நடந்த அந்த மூவரோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

துப்பட்டாவை விட்டுவிடுங்கள் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. விரும்பி அணிபவர் அணியட்டும். எது நம் உடலுக்கும் வேலைக்கும் ஏற்றது என்று எண்ணிப் பார்க்கும் உரிமை நமக்கே உண்டு என்பதைத்தான் புளூமர் அம்மையாரின் வாழ்வு சொல்கிறது. தோழியரே, அடுத்த முறை தங்கைக்குச் சீருடை வாங்கக் கடைக்குப் போகும்போது புளூமர் என்று கேட்பீர்கள். அப்போது அது ஒரு பெண்ணின் பெயர் என்று அந்தத் தங்கைக்குச் சொல்லுங்கள். அதுவே அந்த அம்மையாருக்கு நாம் செய்யும் நன்றி.